‘புக்ஸ்/417’ எங்கே போய் நிற்கிறது?

பழைய புத்தகக் கடை ஒன்றின் இணையதளத்தை மைக்ரோசாஃப்டின் இணையதளக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட் எம்விசி 5-இல் பராமரித்து வருகிறேன். கடைக்காரர் கேட்டது சின்ன விஷயம்தான். ‘புக்ஸ்/டீடெயில்ஸ்/417’ என்ற முகவரி பில்லில் அச்சடிக்க நீளமாக இருக்கிறது, ‘புக்ஸ்/417’ போதும் என்றார்.

திறக்க வேண்டியது ஆப்_ஸ்டார்ட் ஃபோல்டரில் உள்ள ரூட்கான்ஃபிக் கோப்பு. எந்த முகவரி நிரலின் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் விதிதான் ரூட். டீஃபால்ட் என்ற ரூட் அதில் ஏற்கெனவே இருக்கும்: முகவரியின் முதல் துண்டு கன்ட்ரோலர் (கோரிக்கையை ஏற்கும் கிளாஸ்), அடுத்தது ஆக்‌ஷன் (அதற்குள் இயங்க வேண்டிய மெத்தட்), மூன்றாவது ஐடி. இந்தக் கணக்கில் ‘புக்ஸ்/417’ வந்தால், புக்ஸ் கன்ட்ரோலருக்குள் ‘417’ என்ற மெத்தடைத் தேடும். சி ஷார்ப்பில் எண்ணில் தொடங்கும் மெத்தட் பெயரே கிடையாது. ஆகவே ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பிழை.

மேப்ரூட் (ரூட்டைப் பதிவு செய்யும் கட்டளை) ஒன்றைப் புதிதாக எழுதுங்கள். வடிவம்: புக்ஸ், சாய்கோடு, நெளிவு அடைப்புக்குள் ஐடி. டீஃபால்ட்ஸில் கன்ட்ரோலர் புக்ஸ், ஆக்‌ஷன் டீடெயில்ஸ். மெத்தடின் பாராமீட்டருக்கும் ஐடி என்றே பெயர் இருக்கட்டும். அங்கே புக்ஐடி என்று வைத்திருந்தால் எண் போய்ச் சேராது.

இதை எங்கே எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டு, அரை மணி நேரம் அதே 404-ஐ முறைத்துக்கொண்டிருந்தேன். ரூட்டுகளை எம்விசி மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். அங்கே மெத்தட் இல்லையென்றாலும் அடுத்த ரூட்டுக்கு இறங்கி வராது. டீஃபால்ட்டோ எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும் பேர்வழி. அதற்குக் கடைசி இடம்தான் சரி.

புது ரூட்டை மேலே ஏற்றினேன். 417 திறந்தது, தேடல் பக்கம் விழுந்தது! ‘புக்ஸ்/சர்ச்’ என்பதும் இரண்டே துண்டு அல்லவா? புது ரூட் அதையும் பிடித்துக்கொண்டது. ‘சர்ச்’ என்ற சொல் இன்ட் (முழு எண்) வகை ஐடிக்குள் நுழையுமா? மஞ்சள் பிழைத்திரை வந்தது. மேப்ரூட்டில் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் (கட்டுப்பாடு) சேர்த்து, ஐடி என்றால் எண் மட்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லும் குறிமொழி) சொல்லிவிடுங்கள்: பேக்ஸ்லாஷ், சிறிய டி, கூட்டல் குறி. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனிக்குறிகள் வேண்டாம். முழுத் துண்டும் பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும். இனி ‘சர்ச்’ இந்த ரூட்டில் பொருந்தாமல் டீஃபால்ட்டுக்குப் போய்விடும்.

ஆக்‌ஷன்லிங்க் (ரூட்டைப் பார்த்து முகவரியைத் தானே உருவாக்கும் மெத்தட்) வழியாக எழுதிய இணைப்புகளை நான் தொடவே இல்லை. அவை தாமாகவே குட்டி முகவரிக்கு மாறின. கையால் தட்டச்சு செய்தவற்றை மட்டும் தேடித் திருத்தினேன்.

மறுநாள் இன்னொரு கூத்து. ‘புக்ஸ்/417’ வருகிறது, வெறும் ‘புக்ஸ்’ என்று அடித்தால் 403.14 பிழை, அதாவது ஃபோல்டரின் பட்டியலைக் காட்ட அனுமதி இல்லை. ரூட்டில் குற்றமில்லை. அட்டைப் படங்களுக்காக ‘புக்ஸ்’ என்றே ஒரு ஃபோல்டரைத் தளத்தின் வேரில் வைத்திருந்தேன். நிஜமான ஃபோல்டர் இருந்தால் ஐஐஎஸ் (தளத்தை இயக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வர்) ரூட்டிடம் கேட்காமல் அதற்குள் போய்விடும். ஃபோல்டருக்குக் ‘கவர்ஸ்’ என்று பெயர் மாற்றினேன், பக்கம் வந்துவிட்டது.