இளம் சைக்கிள் பந்தய வீரர்களுக்கான நிதியுதவி: விண்ணப்பிப்பது எப்படி?

ஆடம் யேட்ஸும் சைமன் யேட்ஸும் இரட்டையர்கள். பிரிட்டனின் தேசியப் பயிற்சித் திட்டத்தில் சைமனுக்கு இடம் கிடைத்தது, ஆடமுக்குக் கிடைக்கவில்லை. ஆடம் பிரான்சுக்குப் போய் ஒரு அமெச்சூர் கிளப்பில் சேர்ந்து ஓட்டினார். அங்கே தங்கிப் பந்தயம் ஓட்ட அவருக்குக் கைகொடுத்தது டேவ் ரேய்னர் நிதி. 1994-ல் இளம் வயதிலேயே இறந்துபோன ஒரு வீரரின் நினைவாகத் தொடங்கப்பட்ட நிதி அது. 2013-ல் ஆடம், இளம் வீரர்களுக்கான டூர் டி லவெனீர் பந்தயத்தில் இரண்டாம் இடம் பிடித்தார். 2016-ல் டூர் டி பிரான்சில் நான்காம் இடமும், சிறந்த இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டையும் அவருக்குக் கிடைத்தன.

திறமை இருந்தும் சரியான வயதில் சரியான பந்தயங்களுக்குப் போய்ச் சேர முடியாதவர்களுக்காகத்தான் இப்படிப்பட்ட நிதிகள் இருக்கின்றன. ஆனால் பல விண்ணப்பங்கள் “சிறு வயதிலிருந்தே சைக்கிள்தான் என் உயிர்” என்று தொடங்கி அதே தொனியில் முடிந்துவிடுகின்றன. நிதி தருபவர்கள் பொதுவாக அடுத்த ஒரு சீசனை மனதில் வைத்துத்தான் பணம் ஒதுக்குகிறார்கள். எனவே அந்த ஒரு சீசனை முழுசாகக் கண்முன் நிறுத்தும் விண்ணப்பத்தை எப்படித் தயாரிப்பது என்று பார்க்கலாம்.

படி 1: உங்கள் வயதுப் பிரிவை உறுதி செய்யுங்கள்

சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கமான யூசிஐ-யின் கணக்குப்படி 17, 18 வயதினர் ஜூனியர். 19 முதல் 22 வரை ‘23 வயதுக்குட்பட்டோர்’ பிரிவு. இங்கே பிறந்த நாளைப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டைத்தான் பார்ப்பார்கள். டிசம்பர் மாதம் 19 வயதாகப் போகிறவர், அந்த ஆண்டின் ஜனவரியிலிருந்தே மேல் பிரிவில்தான் ஓட்ட வேண்டும். நிதி கைக்கு வரும் சீசனில் நீங்கள் எந்தப் பிரிவில் இருப்பீர்களோ அதை எழுதுங்கள். ஜூனியரிலிருந்து மேல் பிரிவுக்கு மாறும் முதல் ஆண்டுதான் பலருக்கும் கடினமான ஆண்டு. தூரம் கூடுகிறது, எதிரில் நிற்பவர்களில் மூன்று வயது வரை மூத்தவர்களும் இருப்பார்கள். உதவி மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான் என்பதால், அதைச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பந்தய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: எந்தக் கதவைத் தட்டுவது?

சில உதவிகளுக்கு நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உதவித் திட்டமான ஒலிம்பிக் சாலிடாரிட்டியின் உதவித்தொகை அந்தந்த நாட்டு ஒலிம்பிக் கமிட்டி வழியாகத்தான் வரும். சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் உள்ள யூசிஐ-யின் உலக சைக்கிள் மையத்துக்கும் தேசியக் கூட்டமைப்பு பரிந்துரைக்க வேண்டும். எரித்ரியாவின் பினியம் கிர்மாய் அந்த மையத்தில் பயிற்சி பெற்றவர். 2024 டூர் டி பிரான்சில் மூன்று கட்டங்களை (ஒரு நாள் ஓட்டங்களை) வென்று, புள்ளிகளில் முதலிடம் பிடிப்பவருக்கான பச்சைச் சட்டையையும் எடுத்தார். எனவே உங்கள் கூட்டமைப்பின் பயிற்சியாளர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்திருப்பது அவசியம். தேர்வுப் பந்தயங்களைத் தவற விடாதீர்கள்.

அடுத்து அறக்கட்டளைகளும் நினைவு நிதிகளும். இவற்றுக்கு வீரரே எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் உண்டு: ஒன்று வெளிநாட்டில் தங்கி ஓட்டுபவர்களுக்கு மட்டும் தரும், இன்னொன்று பெண்களுக்கு, மற்றொன்று ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு. விதிமுறைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். உங்களுக்குப் பொருந்தாத நிதிக்கு எழுதும் நேரத்தைப் பொருந்துகிற ஒன்றில் செலவழிக்கலாம்.

மூன்றாவது, கிளப்புகளும் நிறுவனங்களும். பணமாகக் கிடைக்காவிட்டாலும் டயர், தங்குமிடம், பயண வண்டி என்று பொருளாகக் கிடைக்கும். அதுவும் உதவிதான், பட்ஜெட்டில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

படி 3: பட்ஜெட் போடுங்கள்

தேர்வுக் குழு நிதானமாகப் படிக்கும் பக்கம் இதுதான், எனவே இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் பந்தய நாட்காட்டி. மாதவாரியாக, போகத் திட்டமிட்டிருக்கும் பந்தயங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், சாப்பாடு. விமானத்தில் போவதாக இருந்தால் சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கும் விமான நிறுவனங்கள் உண்டு. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விசா செலவையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸ் பலவற்றில் போட்டிப் பந்தய விபத்துகள் சேராது. பந்தயத்தையும் மருத்துவச் செலவையும் சேர்த்துக் காக்கும் பாலிசியாகத் தேடி, அதன் தொகையை எழுதுங்கள்.

தேய்ந்து தீரும் பொருட்களுக்கு ஒரு பகுதி வேண்டும்: டயர், செயின், கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி), பிரேக் பேட். விழுந்தால் மாற்ற வேண்டியவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும். ஒரு சீசன் முழுக்க விழாமல் ஓட்டிவிடுவோம் என்று போட்ட பட்ஜெட்டை அனுபவம் உள்ள யாரும் நம்ப மாட்டார்கள்.

புது சைக்கிள் வேண்டும் என்று கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். யூசிஐ விதிப்படி பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. உங்கள் சைக்கிள் ஏற்கெனவே அதற்குப் பக்கத்தில் இருந்தால், இன்னும் விலை கூடிய ஃபிரேமால் கிடைக்கும் லாபம் சொற்பம். அதே பணத்தில் இன்னும் சில பந்தயங்களுக்குப் போய் வரலாம். என்னைக் கேட்டால், இந்த வயதில் பெரிய பந்தயக் கூட்டத்துக்குள் ஓட்டப் பழகுவதுதான் வேறு எதையும்விட முக்கியம். அது வீட்டருகே தனியாக ஓட்டிக் கிடைக்காது. சைக்கிள் உண்மையிலேயே பழுதாகிவிட்டது, அளவு சிறிதாகிவிட்டது என்றால் தாராளமாகக் கேளுங்கள், காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் மூன்று நெடுவரிசைகளாகப் பிரியுங்கள். முதல் வரிசையில் மொத்தச் செலவு. இரண்டாவதில் குடும்பம், கிளப், பகுதிநேர வேலை மூலம் ஏற்கெனவே உறுதியான தொகை. மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி. நீங்கள் கேட்பது அந்த மூன்றாவது தொகையை. நிதியின் உச்சவரம்பு அதைவிடக் குறைவு என்றால், எந்தெந்தப் பந்தயங்களுக்கு அதைச் செலவிடுவீர்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டுங்கள்.

படி 4: திறமையைக் காட்டும் விதம்

“8-ஆம் இடம்” என்று மட்டும் எழுதினால் அதிலிருந்து எதுவும் தெரியாது. எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், வென்றவருக்கும் உங்களுக்கும் எவ்வளவு நேர வித்தியாசம், பாதை மலையா சமதளமா என்று சேர்த்து எழுதுங்கள். இப்படி:

“140 பேர் கிளம்பி 62 பேர் முடித்த 120 கி.மீ. பந்தயம். கடைசி ஏற்றத்தில் பிரிந்துபோன 11 பேர் குழுவில் இருந்தேன். 8-ஆம் இடம், வென்றவருக்கு 14 நொடி பின்னால்.”

அணித்தலைவருக்காக உழைத்ததால் உங்கள் இடம் பின்தங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நாற்பதாவதாக வந்தவர் அன்றைய பந்தயத்தையே தூக்கிப் பிடித்தவராக இருக்கலாம். அதைப் பயிற்சியாளரின் கடிதமும் உறுதிப்படுத்தினால் நல்லது.

பவர் மீட்டர் (மிதிக்கும் ஆற்றலை அளக்கும் கருவி) இருந்தால் 5 நிமிடம், 20 நிமிடத்துக்கான சிறந்த அளவுகளை வாட் கணக்கில், அன்றைய உடல் எடையோடும் தேதியோடும் கொடுங்கள். ஸ்பிரிண்ட் ஓட்டுபவர் என்றால் 15 நொடி அளவு முக்கியம். போன ஆண்டின் எண்களையும் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் வளர்ச்சியின் போக்கு ஒற்றை எண்ணைவிட அதிகம் பேசும். பவர் மீட்டர் இல்லை என்றால் கவலை வேண்டாம். தெரிந்த ஓர் ஏற்றத்தை ஏறிய நேரமும் டைம் ட்ரையல் (தனியாக நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) நேரங்களும் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாட்டை எடையால் வகுத்து வரும் விகிதத்தை உயர்த்திக் காட்டுவதற்காகப் பட்டினி கிடந்து எடையைக் குறைக்காதீர்கள். தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்தால் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாமே பாதிக்கப்படும். இந்த நிலையை 2014-லேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒரு மருத்துவப் பிரச்சினையாக வரையறுத்துவிட்டது. வளரும் வயதில் இதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. எந்த நிதியும் அதற்கு ஈடாகாது.

படி 5: கடிதம்

ஒரு பக்கம் போதும். நான் யார், போன சீசனில் என்ன செய்தேன், அடுத்த சீசனில் என்ன செய்யப் போகிறேன், உதவி கிடைக்காவிட்டால் அதில் எது நடக்காது. இந்த வரிசையிலேயே எழுதலாம். கடைசிக் கேள்விக்கான பதில்தான் கடிதத்தின் உயிர். “உதவி கிடைத்தால் உலக சாம்பியன் ஆவேன்” என்பதைவிட, “ஏப்ரல், மே மாதங்களின் ஆறு பந்தயங்களுக்குப் போக முடியும், அவற்றில் முதல் இருபது பேருக்குள் வருவது என் இலக்கு” என்பது வலுவானது.

அப்பாவோ அம்மாவோ எழுதித் தந்த கடிதம் படித்ததுமே தெரிந்துவிடும். பிழை திருத்த உதவி கேளுங்கள், வார்த்தைகள் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

படி 6: இணைப்புகள்

லைசென்ஸ் நகல், பந்தய முடிவுகளின் இணைப்புகள், பயிற்சியாளரின் பரிந்துரை. வெளிநாட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் கிளப்பின் கடிதமும், தேவைப்படும் இடத்தில் கூட்டமைப்பின் எழுத்துபூர்வ அனுமதியும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையொப்பம். பரிந்துரை எழுதுபவருக்கு உங்கள் பட்ஜெட்டையும் நாட்காட்டியையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், அப்போதுதான் இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசும்.

படி 7: கையெழுத்துப் போடுவதற்கு முன்

நிதி கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். பணம் ஒரே தவணையா, பகுதி பகுதியாகவா? காயத்தால் சீசன் பாதியில் நின்றால் திருப்பித் தர வேண்டுமா? உங்கள் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா? ஊக்கமருந்து விதியை மீறினால் என்ன ஆகும்? ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா, அளவு வரம்பு உண்டா, முன் அனுமதி வேண்டுமா என்று மருத்துவரிடமும் கூட்டமைப்பிடமும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதுதான். சத்து மாவு, மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

சீசன் நடக்கும்போதே ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். மாதம் ஒருமுறை அரைப் பக்க அறிக்கை அனுப்புங்கள்: ஓட்டிய பந்தயங்கள், முடிவுகள், செலவான தொகை. மோசமாகப் போன மாதத்திலும் அனுப்புங்கள். திட்டம் மாறினால், பணம் செலவான பிறகு சொல்லாமல், மாறும்போதே சொல்லிவிடுங்கள்.

சரி, கிடைக்காவிட்டால்? நன்றி சொல்லி, விண்ணப்பத்தில் எது குறைவாக இருந்தது என்று இரண்டே வரியில் கேட்டு எழுதுங்கள். எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள், சொல்பவர்களின் பதிலை விண்ணப்பக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே நிதிக்கு எழுதும்போது, அவர்கள் சுட்டிக்காட்டிய குறையை எப்படிச் சரி செய்தீர்கள் என்பதைக் கடிதத்தின் இரண்டாம் பத்தியிலேயே குறிப்பிடுங்கள்.