சேமித்த பைனரி பொருள்களை ரெஸ்ட் இடைமுகத்தில் ஜேசானாக வழங்குதல்

தரவுதளத்தில் பைனரியாக (பைட்டுகளாக) உள்ள பொருளை, ரெஸ்ட் இடைமுகம் (நிரல்கள் இணையம்வழி தரவைக் கேட்டுப் பெறும் வழி) வழங்கும் ஜேசானாக (எழுத்து வடிவத் தரவாக) மாற்றும் முன், அது எந்த ஸ்கீமாவின் (புலங்களின் பெயர்களையும் வகைகளையும் சொல்லும் வரையறையின்) எந்தப் பதிப்பில் எழுதப்பட்டது என்பதை உறுதிசெய்யுங்கள். ஸ்கீமா இல்லாமல் புரோட்டோபஃப் (கூகுளின் பைனரி தரவு வடிவம்) பைட்டுகளைப் பிரித்தால் புலங்களின் எண்களும் மூல மதிப்புகளும் கிடைக்குமே தவிர, பெயர்கள் கிடைக்கா. பிரித்த பொருளை அப்படியே வெளியிடாமல், பயனருக்குரிய புலங்கள் மட்டும் கொண்ட தனி வகைக்கு மாற்றி, அதையே ஜேசானாக்குங்கள். கடவுச்சொல் ஹாஷ் போன்றவை தவறுதலாக வெளியேறாமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் எண்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஜேசான் எண்களை 64 பிட் மிதவைப் புள்ளி எண்களாகப் படிப்பதால், 9007199254740991-ஐ விடப் பெரிய முழு எண்கள் எந்தப் பிழைச்செய்தியும் இன்றி வேறு எண்ணாக மாறிவிடக்கூடும். ஆகவே 64 பிட் அடையாள எண்களைச் சரமாகவே (மேற்கோள் குறிகளுக்குள் உள்ள எழுத்துத் தொடராகவே) அனுப்புங்கள். புரோட்டோபஃபின் அதிகாரபூர்வ ஜேசான் மாற்றமும் அவ்வாறே செய்கிறது. தேதிகளை ஐஎஸ்ஓ 8601 வடிவில் (2024-05-01T10:30:00+05:30 போல), நேர மண்டலத்துடன் எழுதுங்கள்.

படம் போன்ற மூல பைட்டுகளை பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக்கும் முறை) சரமாக்கலாம். ஆனால் 3 பைட்டுகள் 4 எழுத்துகளாவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும் என்பதால், பெரிய கோப்புகளுக்குப் பதிவிறக்க முகவரியை மட்டும் தருவதே என் பரிந்துரை.

பைட்டுகள் வெளியாரிடமிருந்து வந்திருக்கக்கூடும் எனில், பைத்தானின் பிக்கிளால் (பொருள்களைப் பைட்டுகளாக்கி மீட்கும் தொகுதியால்) அவற்றைத் திறக்கவே கூடாது. அவற்றுள் நிரல் ஒளிந்திருந்தால், திறக்கும்போதே அது இயங்கிவிடும்.