கூனை முதலில் சொல்வது இஞ்ச் டேப்

26 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கூன் விழுந்தால் ஜாக்கெட்டுக்குப் பின் உயரம் கூடும், முன் உயரம் குறையும். ஊருக்கெல்லாம் அளவெடுத்த எனக்கு 44 வயதில் என் சட்டையே பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளும் ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரை வளைந்திருப்பது இயல்புதான். அதற்கு மேல் போனால்தான் கூன். எந்த வகை என்று அறியத் தலையணை இல்லாமல் தரையில் மல்லாந்து படுங்கள். முதுகு படிந்தால், பெரும்பாலும் உட்காரும் விதத்தால் வந்தது, என்னுடையது அதுதான். படியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் வளர்வதுண்டு. ஷாயர்மன் நோய் என்பார்கள். "நிமிர்ந்து உட்காரடா" என்று முதுகில் தட்டினால் அது சரியாகாது. வளர்ச்சி முடிவதற்குள் காட்டினால், தேவைப்பட்டால் முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் பிரேஸ் என்ற கவசம் போடுவார்கள்.

என்னிடம் தைக்கும் ஒரு பாட்டிக்கு ஒரே வருடத்தில் பின் உயரம் ஒன்றரை இஞ்ச் கூடியது. வயதானால் அப்படித்தான் என்றார். வற்புறுத்தி அனுப்பினேன், எலும்பு பலமிழக்கும் எலும்புப்புரையால் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. அத்தகையவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி செய்யக் கூடாது. மற்ற பயிற்சிகளையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

எனக்குப் பிசியோதெரபிஸ்ட் சொன்னவை எளியவை. துண்டைச் சுருட்டித் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து, முழங்காலை மடக்கி இரண்டு நிமிடம் படுப்பது. கதவு நிலையின் இரு பக்கமும் கைகளை ஊன்றி மார்பை 30 விநாடி முன்னே தள்ளுவது. தோள்பட்டைகளைப் பின்னால் ஒட்டுவதுபோல் இழுத்து 5 விநாடி நிறுத்துவது, பத்து முறை.

ஆனால் பாதிக் கூனுக்குக் காரணம் என் கண். ஊசிக்காது தெரியாமல்தான் குனிந்திருக்கிறேன்! கண்ணாடி போட்டேன். ஹெம்மிங், பட்டன் வேலைகளை மடியிலிருந்து எடுத்து, மேசைமேல் ஒரு மரப்பெட்டி வைத்து அதன்மேல் செய்கிறேன். அதற்கு முன் வாங்கிய முதுகு பெல்ட் ஆணியில் தொங்குகிறது. அது இழுத்துப் பிடித்ததே தவிர, தசைக்கு வேலை கொடுக்கவில்லை.

முதுகுவலியோடு விடாத காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். பயிற்சியை நம்பி நாள் கடத்தாதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.