வெங்காயம், மரவள்ளி, ஏற்காட்டு மாஸ்: செல்லின் பாகங்களைப் பார்க்க மூன்று ஸ்லைடுகள்

பாடப்புத்தகத்துத் தாவர செல் படத்தில் உட்கரு, பசுங்கணிகம், நுண்குமிழ், மாவுமணி எல்லாம் ஒரே செல்லுக்குள் இருக்கும். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு வெங்காயத் தோலைப் பார்த்தால், பச்சையாக ஒன்றுமே தெரியவில்லையே என்றுதான் தோன்றும். தெரியாது. உணவு தயாரிப்பது வெங்காயத்தாளின் வேலை. வெங்காயத்துக்குச் சேமிப்பு மட்டும்தான். எந்தப் பாகம் எந்தச் செடியில் நன்றாகத் தெரியுமோ, அதை அங்கே போய்ப் பார்க்க வேண்டும். சேலத்தில் இருப்பவர்களுக்கு வெங்காயம், மரவள்ளி, ஈரச் சுவரில் முளைக்கும் குட்டிச் செடியான மாஸ் மூன்றும் கைக்கெட்டும் தூரம்தான்.

தேவையானவை: பள்ளியில் இருக்கும் கூட்டு நுண்ணோக்கி, ஸ்லைடு, கவர் ஸ்லிப், இடுக்கி, ஊசி, டிராப்பர், டிஷ்யூ தாள். சாயத்துக்கு மருந்துக்கடையில் 5% பொவிடோன் அயோடின் கரைசல் வாங்கி, 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். களிம்பு வேண்டாம். பிளேடு பிடிக்கும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

முதல் ஸ்லைடு: வெங்காயம்

பெரிய வெங்காயமே நல்லது. சின்ன வெங்காயத்திலும் வரும், ஆனால் வளைவு அதிகம் என்பதால் தோல் கிழிந்து கிழிந்து வரும். நான்காக நறுக்கி, உள்ளே மூன்றாவது அடுக்கை எடுங்கள். அதன் குழிந்த பக்கத்தில் பிளேடால் லேசாகக் கீறி, இடுக்கியால் விளிம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தால், அவித்த முட்டையின் ஓட்டுக்கடியில் இருக்கிற சவ்வு போல ஒன்று உரிந்து வரும். உடனே தண்ணீர்த் தட்டில் போடுங்கள். காற்றில் விட்டால் சுருண்டுவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் மடிப்பு போகாது.

5 மில்லிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் விரியுங்கள். ஒரு சொட்டு அயோடின் விட்டு 2 நிமிடம் பொறுங்கள். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவைத்து, மறு ஓரத்தை ஊசியில் தாங்கி மெல்லச் சாயுங்கள். பொத்தென்று போட்டால் காற்று சிக்கிக்கொள்ளும். கறுப்புக் கரையோடு கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால் அது காற்றுக்குமிழி. பலர் அதைத்தான் செல் என்று நினைத்து வரைந்துவிடுகிறார்கள்.

4 எக்ஸ் லென்ஸில் தொடங்கி 10 எக்ஸுக்குப் போங்கள். 40 எக்ஸ் வந்துவிட்டால் பெரிய திருகைத் தொடவே கூடாது. லென்ஸ் இறங்கிக் கவர் ஸ்லிப்பை உடைத்துவிடும்.

இப்போது செங்கல் சுவர் போலத் தெரிகிறதா? ஒவ்வொரு செங்கலும் ஒரு செல். கண்ணருகு லென்ஸில் 10 எக்ஸ்/18 என்று எழுதியிருந்தால், 10 எக்ஸ் பொருளருகு லென்ஸில் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் குறுக்களவு, 18-ஐ 10-ஆல் வகுத்தால் வரும் 1.8 மில்லிமீட்டர். அதில் நீளவாக்கில் 6 செல்கள் அடங்கினால் ஒரு செல்லின் நீளம் 0.3 மில்லிமீட்டர்.

மஞ்சள் கலந்த பழுப்பில் ஓரமாக ஒரு புள்ளி இருக்கும். அதுதான் உட்கரு. நடுவில் இடமில்லாமல் ஓரத்துக்குப் போயிருக்கிறது. நடுவையெல்லாம் நுண்குமிழ் என்ற நீர் நிறைந்த பை அடைத்துக்கொண்டிருக்கிறது. செல்லைச் சுற்றித் தெரியும் கோடு செல் சவ்வு அல்ல, செல் சுவர். சவ்வின் தடிமன் 10 நானோமீட்டர்கூட இல்லை. இந்த நுண்ணோக்கியில் சவ்வைப் பார்க்க முடியாது.

ஆனால் சவ்வு இருப்பதைப் பிடித்துக்காட்ட ஒரு வழி இருக்கிறது. இன்னொரு தோலை எடுங்கள். இம்முறை அடுக்கின் வெளிப்பக்கத்து ஊதா நிறத் தோல். அயோடின் விடக்கூடாது, அது செல்லைக் கொன்றுவிடும்; செத்த செல்லில் இது நடக்காது. 50 மில்லி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூவை வைத்து உறிஞ்சவிடுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரைவிட்டு உள்ளே சுருங்கும். ஊதா நுண்குமிழில் இருக்கிறது. தண்ணீர் வெளியேறியதும் அது சுருங்கி, சவ்வையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. சுருங்கியதன் விளிம்புதான் சவ்வு.

இரண்டாவது: மரவள்ளி

ஆத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் பச்சைக் கிழங்கு கிடைக்கும். தோல் சீவி, வெட்டிய முகத்தைப் பிளேடால் மெல்லச் சுரண்டி, கண்ணாடி போலத் தெரிகிற சீவலை ஸ்லைடில் வையுங்கள். பச்சைக் கிழங்கை வாயில் வைக்காதீர்கள். சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் உண்டு. அயோடின் பாதிச் சொட்டு போதும். கூடினால் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். கருநீலத்தில் உருண்டையாகவும், ஒரு பக்கம் வெட்டிவிட்டது போலவும் குவிந்து கிடப்பவை மாவுமணிகள். வெங்காயத்தில் இந்த நீலம் வராது, அது சேமிப்பது மாவை அல்ல. மரவள்ளி மாவில் செய்யும் ஜவ்வரிசியையும் பொடித்துப் பாருங்கள்: நிறம் மாறும், ஆனால் பல மணிகள் ஊதி உருக்குலைந்திருக்கும். ஈர மாவை உருட்டிச் சூட்டில் வறுத்ததன் விளைவு அது.

மூன்றாவது: மாஸ்

ஏற்காடு மலைப்பாதையின் ஈரச் சுவர்களில் மழைக்குப் பிறகு நிறைய இருக்கும். தோட்டங்களிலும், ஆர்க்கிட் செடிகள் வளர்க்கும் ஆர்க்கிடேரியத்திலும் எதையும் பறிக்காதீர்கள். கீழே சேலத்தில் ஒழுகும் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரைப் பார்த்தாலே போதும். வழுக்கும் பச்சைப் படலம் வேறு, அது ஆல்கா. வெல்வெட் போல மெத்தென்று, குட்டி இலைகளோடு நிற்பதுதான் மாஸ். காய்ந்திருந்தால் 10 நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள்.

ஊசியால் ஒரே ஒரு இலையைப் பிரித்துத் தண்ணீரில் வையுங்கள். சாயமும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். நடுநரம்பு தவிர மற்ற இடத்தில் இந்த இலையின் தடிமன் பெரும்பாலும் ஒரு செல்தான். 40 எக்ஸில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை மணிகள் தெரியும். அவை பசுங்கணிகங்கள். வெளிச்சம் கூடினால் வெளிறிவிடும், மேடைக்கடியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாபிரத்தைக் கொஞ்சம் மூடுங்கள். மைட்டோகாண்ட்ரியாவையும் ரைபோசோமையும் இந்த ஸ்லைடுகளில் தேட வேண்டாம், கிடைக்காது.

உப்புத் தண்ணீர் லென்ஸிலோ மேடையிலோ பட்டிருந்தால் அன்றே ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த லென்ஸ் தாளால் துடையுங்கள். உப்பு காய்ந்து மணலாக நின்றபின் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.