கிரான் டூரிஸ்மோ 7-இல் ஃபெராரி எஃப்40: எங்கே தவறு செய்கிறோம்?

கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் வீடியோ கேமில், லெஜண்ட் கார்ஸ் என்ற பழம்பெரும் கார்களின் கடைக்கு ஃபெராரி எஃப்40 வந்துவிட்டால் பலருக்கும் கை பரபரக்கும். அங்கே எப்போதும் சில கார்கள்தான் இருக்கும், அதுவும் கொஞ்ச நாளில் விற்றுத் தீரும். அந்த அவசரத்தில் சொந்தக் காசைப் போட்டு கிரெடிட் (விளையாட்டுக்குள் செல்லும் பணம்) வாங்காதீர்கள். போன கார் திரும்ப வரும். அதுவரை ரேஸ் ஓட்டிச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாங்கிய கையோடு ட்யூனிங் கடைக்கு ஓடுவது அடுத்த தவறு. எடைக் குறைப்பு, இன்ஜின் போர் அப் (சிலிண்டரை அகலப்படுத்துவது), வைடு பாடி (காரின் உடலை அகலமாக்குவது) எல்லாம் ஒரு முறை செய்தால் கழற்ற முடியாதவை. நிறுவனர் என்ஸோ ஃபெராரி உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஃபெராரி இது, 1987-இல் வந்தது. அசல் நிலையில் ஓட்டிப் பார்க்காமல் அதை மாற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் பெரிய தவறெல்லாம் ஆக்சிலரேட்டரில்தான் நடக்கிறது. 2.9 லிட்டர் வி8 இன்ஜின், இரண்டு டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி), 478 குதிரைத்திறன். உச்ச டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) 4,000 ஆர்பிஎம்மில்தான், அதாவது நிமிடத்துக்கு 4,000 சுற்றில்தான் கிடைக்கும். அதற்குக் கீழே கார் தூங்குவது போலிருக்கும். இன்றைய கார்களை ஓட்டிப் பழகியவர்கள் வளைவின் நடுவிலேயே முழுசாக அழுத்துவார்கள். ஒன்றும் நடக்காது. இன்னும் அழுத்துவார்கள். திடீரென்று டர்போ விழித்துக்கொள்ளும். ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருப்பதால் பின்பக்கம் சுழன்றுவிடும். பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் இன்னும் மோசம். எடை முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும்.

அதனால் கொஞ்சம் முன்கூட்டியே, பாதி அளவு மட்டும் அழுத்துங்கள். டர்போவுக்கு அழுத்தம் சேரட்டும். ஸ்டீயரிங் நேரானதும் மீதியைக் கொடுங்கள். குறுகிய வளைவில் ஒரு கியர் கூட்டி வைத்துக்கொண்டால் அந்தத் தள்ளல் மென்மையாக வரும். பிரேக்கை நேர்ப்பாதையிலேயே முடித்துவிட வேண்டும், திரும்பும்போது வேண்டாம்.

சரி, நிஜக் காரில் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இல்லை, டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (முடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இல்லை என்று விளையாட்டிலும் எல்லாவற்றையும் அணைப்பவர்கள் உண்டு. கன்ட்ரோலரில் ஆடுபவருக்கு நிஜ ஓட்டுநரின் காலுக்குக் கிடைக்கும் உணர்வு கிடைப்பதில்லை. ஏபிஎஸ் அப்படியே இருக்கட்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை 1 அல்லது 2-இல் வைத்துத் தொடங்கி, கை பழகியதும் 0-க்கு இறக்குங்கள்.

அப்புறம், அதிக ஆர்பிஎம்முக்கான டர்போவை மாட்டினால் குதிரைத்திறன் எண் கூடும், டர்போ விழிக்க எடுக்கும் தாமதமும் சேர்ந்தே கூடும். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்கினால் ஒவ்வொரு வளைவிலும் பலன் தெரியும். ஆன்லைனில் செயல்திறன் சமன்செய்யும் ரேஸ்களில் உங்கள் ட்யூனிங் பெரும்பாலும் செல்லாது, அங்கே அசல் எஃப்40-ஐத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.