கூகுள் காலண்டரை ஹோம் அசிஸ்டென்ட்டுடன் இணைப்பது: எட்டாம் நாள் நின்றுபோகாமல் ஓடவைக்க

ஷிஃப்ட் நேரம், ஊருக்குப் போகும் தேதி எல்லாம் எப்படியும் போன் காலண்டரில் ஏறிவிடுகின்றன. அதையே, வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட்டும் படித்துக்கொண்டால் கீசருக்கும் விளக்குக்கும் தனியாக நேரம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இணைப்பது அரை மணி நேர வேலை. இணைத்தபின் சொல்லாமல் நின்றுபோவதும் நேரம் தப்புவதும்தான் பலரைக் கைவிடச் செய்கிறது. இரண்டுக்கும் காரணம் தெரிந்ததுதான், தீர்வும் உண்டு.

முதலில் தனிக் காலண்டர்

சொந்தக் காலண்டரை அப்படியே வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். பிரவுசரில் கூகுள் காலண்டரைத் திறந்து, இடப்பக்கம் ‘அதர் காலண்டர்ஸ்’ அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, ‘கீசர்’ என்று ஒன்றும் ‘ஊரில் இல்லை’ என்று ஒன்றும் உருவாக்குங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் நிகழ்வுகளைத் திருத்தும் அனுமதியோடு பகிருங்கள்.

ஒரு வேலைக்கு ஒரு காலண்டர் என்று வைத்தால் நிகழ்வின் தலைப்பைச் சோதிக்கும் டெம்ப்ளேட் (சிறு குறிநிரல்) எதுவும் எழுத வேண்டியதில்லை. தலைப்பை நம்பினால் தமிழில் கூடுதல் தொல்லை இருக்கிறது. ஒருவர் ‘ஷிஃப்ட்’ என்று அடிப்பார், இன்னொருவர் ‘ஷிப்ட்’ என்பார். ‘கொ’ போன்ற எழுத்தின் கொம்பும் காலும் சில கீபோர்டில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் இரண்டாகப் பிரிந்தும் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஒப்பிட்டுப் பார்க்கும் டெம்ப்ளேட்டுக்கு அவை வேறு வேறு.

கூகுள் பக்கம்

கூகுள் கிளவுட் கன்சோலில் புது ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி) லைப்ரரியில் ‘கூகுள் காலண்டர் ஏபிஐ’யைத் தேடி ‘எனேபிள்’ செய்யுங்கள். இதை மறந்தால் உள்நுழைவு எல்லாம் சரியாக நடக்கும், கடைசியில் காலண்டர் மட்டும் வராது.

அடுத்து ஒப்புதல் திரை, அதாவது உள்நுழையும்போது கூகுள் அனுமதி கேட்கும் பக்கம். பயனர் வகை ‘எக்ஸ்டர்னல்’. ஆப் பெயர், உங்கள் மின்னஞ்சல் போதும்; லோகோ வேண்டாம். முடித்ததும் ‘ஆடியன்ஸ்’ பக்கத்துக்குப் போய் ‘பப்ளிஷ் ஆப்’ அழுத்தி, நிலையை ‘டெஸ்டிங்’கிலிருந்து ‘இன் ப்ரொடக்ஷன்’ ஆக்குங்கள். இந்த ஒரு பட்டனைத் தவறவிடுவதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. டெஸ்டிங் நிலையில் கூகுள் தரும் புதுப்பிப்பு டோக்கன் (மறுபடி உள்நுழையாமல் இணைப்பைத் தொடரவைக்கும் சாவி) 7 நாளில் காலாவதியாகும். ஒரு வாரம் நன்றாக ஓடி, எட்டாம் நாள் ‘மறுபடி உள்நுழையவும்’ என்று ஹோம் அசிஸ்டென்ட் கேட்டால் வேறெங்கும் தேட வேண்டாம், இதுதான் காரணம். பப்ளிஷ் செய்தால் உங்கள் காலண்டர் ஊருக்கே திறந்துவிடாது. யார் உள்நுழைகிறார்களோ அவரவர் காலண்டருக்கு மட்டுமே அனுமதி போகும்.

பிறகு ‘ஓஆத் க்ளையன்ட் ஐடி’ (கூகுளிடம் ஹோம் அசிஸ்டென்ட்டை அடையாளம் காட்டுவது) உருவாக்குங்கள். வகை ‘வெப் அப்ளிகேஷன்’. அனுமதிக்கப்பட்ட திருப்பு முகவரி (உள்நுழைந்ததும் கூகுள் உங்களைத் திருப்பி அனுப்பும் முகவரி) என்ற கட்டத்தில், ஹோம் அசிஸ்டென்ட் ஆவணத்தில் கூகுள் காலண்டர் பக்கத்தில் தரப்பட்டுள்ள ‘மை ஹோம் அசிஸ்டென்ட்’ முகவரியைக் காப்பி செய்து ஒட்டுங்கள். கையால் அடிக்காதீர்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கூகுள் 400 எண் பிழையைக் காட்டி நிறுத்திவிடும். வரும் க்ளையன்ட் ஐடி, சீக்ரெட் இரண்டையும் அப்போதே பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமியுங்கள். ஜன்னலை மூடியபின் சீக்ரெட்டை முழுதாகத் திரும்பப் பார்க்க முடியாது.

ஹோம் அசிஸ்டென்ட் பக்கம்

செட்டிங்ஸில் ‘டிவைசஸ் அண்ட் சர்வீசஸ்’, ‘ஆட் இன்டக்ரேஷன்’, ‘கூகுள் காலண்டர்’. ஐடியையும் சீக்ரெட்டையும் கொடுத்து கூகுளில் உள்நுழையுங்கள். ‘இந்த ஆப் சரிபார்க்கப்படவில்லை’ என்ற எச்சரிக்கை வரும். ஆப் உங்களுடையதே என்பதால் ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தித் தொடரலாம். முடிந்ததும் இன்டக்ரேஷனின் (இந்த இணைப்பின்) அமைப்பில் அணுகலை ‘ரீட் ஒன்லி’ ஆக்கிவிடுங்கள். வீடு காலண்டரைப் படித்தால் போதும், எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பின்னாளில் புதுக் காலண்டர் சேர்த்தால் இன்டக்ரேஷனை ஒருமுறை ‘ரீலோட்’ செய்ய வேண்டும்.

நேர மண்டலம் சரியா என்று ‘சிஸ்டம்’, ‘ஜெனரல்’ பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீசர்: ட்ரிகராக காலண்டர்

ஒவ்வொரு காலண்டரும் ஆன் அல்லது ஆஃப் நிலையுள்ள என்டிட்டியாக, அதாவது ஹோம் அசிஸ்டென்ட் கவனிக்கும் ஒரு பொருளாக, வரும். அந்த நிலை மாறுவதை ட்ரிகராக (கீசரை ஆன் செய்யும் ஆட்டோமேஷனை, அதாவது தானியங்கி விதியை, ஓடவைக்கும் தூண்டலாக) வைக்காதீர்கள். என்டிட்டி ஒரு நேரத்தில் ஒரே நிகழ்வைத்தான் காட்டும். ஒன்று முடியுமுன் இன்னொன்று தொடங்கினால் நிலை ‘ஆன்’ஆகவே இருக்கும், இரண்டாவது நிகழ்வுக்கு எதுவும் நடக்காது. ‘காலண்டர்’ வகை ட்ரிகரையே தேர்ந்தெடுத்து, நிகழ்வின் தொடக்கம், அதற்கு 20 நிமிடம் முன்பு என்று ஆஃப்செட் (நேர இடைவெளி) கொடுங்கள்.

ஏன் 20? 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் கீசருக்கு ஏறக்குறைய 16 நிமிடம் ஆகும். பெரிய டேங்க் என்றால் அதற்கேற்பக் கூட்டுங்கள்.

கூகுளிடமிருந்து நிகழ்வுகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வருகின்றன. 20 நிமிட ஆஃப்செட்டையும் சேர்த்தால், குளிக்கும் நேரத்துக்குக் குறைந்தது 35 நிமிடம் முன்பாவது நிகழ்வு காலண்டரில் இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம் தள்ளி ஒரு நிகழ்வு போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆட்டோமேஷனின் மோடை ‘சிங்கிள்’ஆக விடாமல் ‘க்யூட்’ (ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது) என்று மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வுகள் தொடங்கினால் சிங்கிள் மோடு இரண்டாவதைத் தவிர்த்துவிடக்கூடும்.

அணைப்பதை மட்டும் காலண்டரிடம் விடாதீர்கள். யாராவது நடுவில் நிகழ்வை அழித்துவிட்டால் ‘முடிவு’ ட்ரிகர் வராமல் போகலாம். ஆட்டோமேஷனுக்குள் 40 நிமிட ‘டிலே’ வைத்தாலும், இடையில் ஹோம் அசிஸ்டென்ட் ரீஸ்டார்ட் ஆனால் அந்தக் காத்திருப்பு காணாமல் போகும், கீசர் எரிந்துகொண்டே இருக்கும். ஸ்மார்ட் ப்ளக்கிலேயே உள்ள தானாக அணையும் டைமரை 40 நிமிடத்துக்கு வையுங்கள். நெட் இல்லாவிட்டாலும் அது அணைக்கும். ப்ளக் 16 ஆம்பியராக இருக்கட்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் வரை இழுக்கும், 3000 வாட் என்றால் 13. விளக்குக்கு வாங்கிய 10 ஆம்பியர் ப்ளக்கை இதற்குப் போடுவது ஆபத்து.

ஊரில் இல்லாதபோது: நிபந்தனையாக காலண்டர்

இங்கே விளக்கைப் போடும் ட்ரிகர் சூரிய அஸ்தமனம். ‘ஊரில் இல்லை’ காலண்டர் ஆன் நிலையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலண்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை நிகழ்வு இருந்தாலும் கவலையில்லை, எப்படியும் ஆன்தான். கரன்ட் போய் வந்து ஹோம் அசிஸ்டென்ட் தாமதமாக எழுந்தால் அஸ்தமன நேரம் கடந்திருக்கும். அதனால் ‘ஹோம் அசிஸ்டென்ட் தொடங்கியதும்’ என்பதை இரண்டாவது ட்ரிகராகச் சேர்த்து, சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கூட்டுங்கள்.

இந்தக் காலண்டருக்கு முழுநாள் நிகழ்வு பொருத்தம். கீசருக்கு அது கூடாது. முழுநாள் நிகழ்வு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்குவதாகக் கணக்கு, கீசர் இரவு 11:40க்கே ஆன் ஆகிவிடும். முழுநாள் நிகழ்வில் காலை 6 மணிக்கு ஏதாவது நடக்க வேண்டுமென்றால் தொடக்கத்துக்குப் பின் 6 மணி நேரம் என்று ஆஃப்செட் வைக்கலாம்.

நடக்காதபோது

முதலில் டெவலப்பர் டூல்ஸில் காலண்டரின் ‘கெட் ஈவென்ட்ஸ்’ ஆக்ஷனை அடுத்த 24 மணி நேரத்துக்கு ஓட்டிப் பாருங்கள். நிகழ்வு பட்டியலில் இல்லையென்றால் குறை இணைப்பில் இருக்கிறது, அல்லது நிகழ்வை வேறு காலண்டரில் போட்டிருக்கிறீர்கள். போனில் புது நிகழ்வு சேர்க்கும்போது சொந்தக் காலண்டரே முன்தேர்வாக நிற்பதால் இது அடிக்கடி நடக்கும். பட்டியலில் இருந்தும் எதுவும் நடக்கவில்லையா, ஆட்டோமேஷனின் ‘ட்ரேசஸ்’ பக்கத்தைத் திறங்கள். எந்த நிபந்தனையில் நின்றது என்பது அங்கே தெரியும். கடைசி 5 ஓட்டங்களே அங்கே இருக்கும் என்பதால் தள்ளிப்போடாமல் பாருங்கள்.

கூகுள் கிளவுட் வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஹோம் அசிஸ்டென்ட்டின் 2025.4 பதிப்பில் வந்த ‘ரிமோட் காலண்டர்’ இருக்கிறது. காலண்டரின் ரகசிய ஐகால் முகவரியை (காலண்டரைப் படிக்கவிடும் இணைப்பை) ஒட்டினால் போதும். ஆனால் அது நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பித்துக்கொள்ளும். விடுமுறைப் பட்டியலுக்குச் சரி, கீசருக்கு உதவாது.