பிள்ளைகளின் நட்பும் காதலும்: மலையகப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வயது மகளின் போனில் ஒரு பையனின் பெயர் தெரிந்துவிட்டால் நம் லயங்களில் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சத்தம், அடி, போன் பறிப்பு, பக்கத்துக் காம்பராவில் இருந்து எட்டிப் பார்ப்பவர்கள், மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே கதை. இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பையன் யார், எத்தனை வயது, என்ன பேசினார்கள், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாளா பயந்து போயிருக்கிறாளா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வயதில் ஒருவர் மேல் மனம் போவது இயல்பு. அதை நம்மால் நிறுத்த முடியாது, நிறுத்தத் தேவையும் இல்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு: ஏதாவது தப்பாகப் போகும்போது பிள்ளை வீட்டில் வந்து சொல்ல முடியாமல் இருப்பதற்கு. "அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்ற பயம் ஒரு பிள்ளையிடம் இருந்தால், மிரட்டுகிறவனுக்கு வேறு ஆயுதமே வேண்டாம். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தப் பயத்தை நம் கையாலேயே வளர்ப்பவைதான்.

பேசினாலே காதல் என்று முடிவு கட்டுவது

ஹட்டனில் சனிக்கிழமை டியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஒரே தோட்டத்துப் பையனும் பெண்ணும் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தால்கூட, அவர்கள் வீடு வந்து சேர்வதற்கு முன் செய்தி வந்து சேர்ந்துவிடும். அடுத்த கிழமையிலிருந்து அந்த இரண்டு பேரும் நம் முன்னால் பேச மாட்டார்கள், போனில் பேசுவார்கள், பெயரை வேறு மாதிரி சேமித்து வைப்பார்கள். வெளிச்சத்தில் இருந்த ஒரு சாதாரண நட்பை நாமே இருட்டுக்குள் தள்ளிவிட்டோம். ஆணும் பெண்ணும் மரியாதையாகப் பழகிப் பார்த்த பிள்ளைக்குத்தான் நாளைக்கு ஒருவன் மரியாதை இல்லாமல் நடந்தால் வித்தியாசம் தெரியும். அந்தப் பழக்கமே இல்லாத பிள்ளைக்கு முதன்முதலில் இனிக்க இனிக்கப் பேசுகிறவன் பெரிய ஆளாகத் தெரிவான்.

இன்னொன்று, லயத்தில் தனியாகப் பேச இடமே கிடையாது. ஒரே அறையில் ஐந்தாறு பேர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பிள்ளை போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாலே திருட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். கூட்டாளியோடு சண்டை போட்டதைப் பேசுவதற்குக்கூட அவளுக்கு அங்கேதான் இடம் இருக்கிறது. சரி, இருட்டிய பிறகு அங்கே நிற்க வேண்டாம் என்றால் வீட்டு வாசலில் அரை மணி நேரம் யாரும் காது கொடுக்காமல் பேச விடுங்கள்.

முதல் வேலையாக அடிப்பது, பள்ளிக்கூடத்தை நிறுத்துவது

இது எல்லாவற்றிலும் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விஷயம் தெரிந்த அன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வருமா வராதா என்பது இருக்கிறது. கோபம் வரும், வரட்டும். அன்றிரவு தீர்ப்பு சொல்லாதீர்கள். "எனக்குக் கோபமாக இருக்கிறது, நாளைக்குப் பேசுவோம், சாப்பிட்டுப் படு" என்று சொல்லிவிட்டால் போதும். தாத்தா, மாமா, தோட்டத் தலைவர் என்று பத்துப் பேரைக் கூட்டி வைத்துக் கேட்பது விசாரணை ஆகிவிடும், பிள்ளை வாயைத் திறக்காது. திட்டு வாங்கி அவமானப்பட்ட பிள்ளையை அந்த இரவில் தனியாக விட வேண்டாம். யாராவது பக்கத்திலேயே இருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அதை நடிப்பு என்று தள்ளிவிடாமல் நேராகக் கேளுங்கள், மனதில் என்ன இருக்கிறது என்று. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

அப்புறம் பள்ளிக்கூடம். பையன் விஷயம் தெரிந்ததும் பெண் பிள்ளையை நிறுத்தி வீட்டில் வைப்பது, இல்லையென்றால் கொழும்பில் யாராவது தெரிந்தவர் வீட்டுக்கோ கடைக்கோ வேலைக்கு அனுப்புவது நம்மிடம் இன்னும் இருக்கிறது. 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஓ.எல். எழுதாமல் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு மிச்சம் இருக்கும் வழி என்ன என்று யோசித்துப் பாருங்கள். கூட்டாளிகள் இல்லை, டீச்சர் இல்லை, நாள் முழுக்க வீட்டில் திட்டு. இந்த நிலையில் "வா, நாம் போய்விடலாம்" என்று ஒருவன் சொன்னால் அது அவளுக்கு விடுதலையாகத்தான் கேட்கும். ஓடிப்போகக் கூடாது என்று நாம் போடும் பூட்டுத்தான் பல வீடுகளில் பிள்ளையை ஓட வைக்கிறது. அதே விஷயத்தில் பையனின் படிப்பை ஒருவரும் நிறுத்துவதில்லை என்பதையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

வயது வித்தியாசத்தைக் கேட்காமல் விடுவது

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இடையில் வரும் விருப்பமும், பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் இருபத்தைந்து வயது ஆளுக்கும் இடையில் நடப்பதும் ஒன்றில்லை. ஆனால் வீட்டில் இரண்டுக்கும் ஒரே அடி, ஒரே வசை. கொழும்பில் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு பைக்கில் வந்து இறங்கும் இளைஞன், தினமும் பள்ளிக்கு ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர், சொந்தத்தில் ஒரு அண்ணன் என்று யாராகவும் இருக்கலாம். போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுப்பது, புதுப் போன் வாங்கிக் கொடுப்பது, "உன்னைப் புரிந்தவன் நான் ஒருத்தன்தான், யாரிடமும் சொல்லாதே" என்பது. காசும் வயதும் ஒரு பக்கமே இருக்கும்போது பிள்ளையால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி சாதியும் இல்லை, குடும்பமும் இல்லை. வயது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையோடு உடலுறவு கொண்டால், அவள் விரும்பித்தான் வந்தாள் என்றாலும் அது பாலியல் வல்லுறவுதான். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது இந்த வயது எல்லை வந்தது. பொதுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்ய இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் அதற்கு முன் முடியாது. இது தெரியாமல் கோயிலில் தாலி கட்டிவைத்து "மானம் போகாமல் முடித்துவிட்டோம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பதிவு இல்லை, அந்தப் பிள்ளைக்குப் படிப்பு இல்லை, அவன் விட்டுப்போனால் கேட்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. இப்படி ஒன்று நடந்திருந்தால் தலைவர் வீட்டில் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை இது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், 1929 என்ற இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையுடையது. அதற்குக் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

சாதியையும் இனத்தையும் பாதுகாப்போடு கலப்பது

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "அந்தப் பையன் சரியில்லை" என்று மகளிடம் நூறு முறை சொல்கிறோம், ஆனால் அவன் குடிக்கிறான், அடிக்கிறான் என்பதாலா, இல்லை அவன் வேறு சாதி, சிங்களப் பையன், முஸ்லிம் பையன் என்பதாலா என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் நாளைக்கு உண்மையிலேயே ஆபத்தான ஒருவனைப் பற்றி நீங்கள் எச்சரிக்கும்போதும் இதுவும் சாதிப் பேச்சுத்தான் என்று தள்ளிவிடுவாள். இன்னும் மோசமானது, நம்ம சாதிப் பையன், தெரிந்த குடும்பம் என்பதற்காக அவன் கை நீட்டுவதைக்கூடப் பொறுத்துப் போகச் சொல்வது.

போட்டோ விஷயத்தில் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குவது

காதலிக்கும்போது அனுப்பிய படத்தை, பிரிந்த பிறகு "இதை உன் அப்பாவுக்கு அனுப்பவா, டிக்டொக்கில் போடவா" என்று மிரட்டுவது இப்போது எங்கும் நடக்கிறது, சின்னத் தோட்டங்களிலும்தான். படத்தை மாற்றியமைத்துப் போலியாகச் செய்தும் மிரட்டுகிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் "ஏன் அனுப்பினாய்" என்ற கேள்வியை அன்றைக்குத் தயவு செய்து விழுங்கிவிடுங்கள். அவள் வந்து சொன்னதே பெரிய விஷயம், "நல்லவேளை சொன்னாய், இதை நாம் பார்த்துக்கொள்வோம்" என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியவை. காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் திரும்பவும் கேட்பான். பயத்தில் எல்லாச் செய்திகளையும் அழித்துவிட வேண்டாம், மிரட்டிய செய்தி, அவனுடைய இலக்கம், கணக்கின் பெயர், திகதி எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள், அதன் பிறகு ப்ளொக் செய்யலாம். பிள்ளையின் அந்தப் படத்தை ஆதாரம் என்று சொல்லி மாமாவுக்கும் தலைவருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். சிறுவர்களின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் நம் நாட்டுச் சட்டத்தில் குற்றம், தண்டனைச் சட்டக்கோவையில் 286ஏ பிரிவு அதற்கென்றே இருக்கிறது. 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் டேக் இட் டவுன் என்று ஓர் இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை எங்கேயும் ஏற்றாமல், உங்கள் போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறி உண்டாக்கி அதை மட்டும் அனுப்பும், பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தக் குறியை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். கூடவே 1929க்குச் சொல்லிவிடுங்கள்.

சந்தேகத்தை அன்பு என்று சொல்லிக்கொடுப்பது

"அவனுக்கு என் மேல் அவ்வளவு பாசம், அதனால்தான் யாரோடும் பேச விட மாட்டான்." இதைச் சொல்லும் பிள்ளை அதை எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறது. போன் பாஸ்வேர்ட் கேட்பது, உடனே பதில் வரவில்லை என்றால் இருபது கோல் எடுப்பது, கூட்டாளிகளை ஒவ்வொருவராக வெட்டிவிடச் சொல்வது, கோபத்தில் கையை முறுக்கிவிட்டுப் பிறகு அழுது மன்னிப்புக் கேட்பது, பிரிந்தால் செத்துப்போவேன் என்பது. இவை பாசத்தின் அடையாளம் இல்லை என்று பிள்ளைக்குப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்குள் உள்ள நட்பிலும் இது உண்டு, "அவளோடு பேசினால் என்னோடு பேசாதே" என்று ஒருத்தி மற்றவளை ஆட்டி வைப்பது. அதைச் சின்னப் பிள்ளைச் சண்டை என்று விட்டுவிடுகிறோம், ஆனால் அடங்கிப் போகும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. கேட்க வேண்டியது எளிதான கேள்விதான்: "நீ வேண்டாம் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?" பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே நின்று கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.

பையன்களிடம் ஒன்றும் பேசாமல் விடுவது

மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறோம், ரதிக்கும் மதனுக்கும் ஊரே கூடி நிற்கிறது, மதன் எரிந்தபோது ரதி அழுவதைக் கேட்டு நாமும் அழுகிறோம். ஆனால் வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பையனிடம் காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்போமா? பெண் பிள்ளைக்கு எச்சரிக்கை மட்டும் கிடைக்கிறது, பையனுக்கு அதுவும் இல்லை. அவன் படத்தில் பார்த்ததைக் கற்றுக்கொள்கிறான், பெண் மறுத்தால் விடாமல் பின்னால் போக வேண்டும், கடைசியில் சம்மதிப்பாள் என்று. நிஜத்தில் அது தொந்தரவு. ஒருத்தி இல்லை என்றால் அது இல்லைதான், அவள் பதில் சொல்லாமல் ஒதுங்கிப் போனாலும் அது இல்லைதான் என்று அப்பாவோ மாமாவோ அவனிடம் நேராகச் சொல்ல வேண்டும். யாராவது அனுப்பிய ஒரு பெண்ணின் படத்தைக் குரூப்பில் போடாதே என்பதையும் சேர்த்து.

காதல் முறிந்தால் பையனுக்கும் வலிக்கும், ஆனால் அவன் அழுதால் சிரிக்கிறோம், அப்புறம் அவன் கூட்டாளிகளோடு குடிக்கப் போகிறான். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டே "கஷ்டமாகத்தான் இருக்கும்" என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்தால் அவன் தேறி வருவான்.

அம்மா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில்

குவைத்திலோ சவுதியிலோ இருக்கும் தாய்மார் பலர் வீடியோ கோலில் எடுத்ததும் "எங்கே போனாய், யாரோடு போனாய்" என்றுதான் தொடங்குகிறார்கள். அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தினமும் விசாரணையாக இருந்தால் பிள்ளை கோலையே எடுக்காது. வகுப்பில் உன் கூட்டாளிகள் யார், இன்றைக்கு எதற்குச் சிரித்தீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டு வந்தால் ஒரு நாள் கஷ்டமான விஷயமும் அதே பேச்சில் வந்துவிடும். வீட்டில் அம்மாயி மட்டும்தான் என்றால் அவரால் போன் விஷயம் எல்லாம் பார்க்க முடியாது. பிள்ளைக்குப் பிடித்த ஒரு பெரியவரை, சித்தியோ பள்ளிக்கூடத்து ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரோ, பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரோடு நீங்கள் முன்கூட்டியே பேசி வையுங்கள்: பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் முழுதாகக் கேளுங்கள், அடிதடி, மிரட்டல், பெரிய வயது ஆள் என்று ஏதாவது இருந்தால் மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு எனக்கு உடனே அழையுங்கள், மற்றதை அவளாகவே என்னிடம் சொல்லட்டும் என்று.